சும்மா போட்ட படங்கள்

டோல்கேட் பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியில் நாலு கம்ப்யூட்டர், சொட்டுகிற ஏ.சி. ஒன்று. இதற்குப் பெயர் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி குணசேகரன். இணையப் பக்கம் கட்டுகிற வேலை மொத்தமும் சபீஹாவின் தலையில். 2005-இல் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று, ஆள் எடுப்பதற்கு ஒரு பக்கம் கேட்டது. கூடவே ஒரு நிபந்தனை: பார்வையற்றவர்களுக்கும் அந்தப் பக்கம் பயன்படுமா என்று சோதிக்கும் மென்பொருள் உண்டு, அதில் ஒரு தப்புகூட வரக்கூடாது.

முதல் சோதனையில் நாற்பத்து மூன்று தப்பு. நாற்பத்து மூன்று படங்களுக்கும் விளக்க வார்த்தை இல்லையாம். பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும். படம் வந்தால் அந்த வார்த்தையைத்தான் படிக்கும். சபீஹா ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, கதை எழுதிகினு கீறியா? ரெண்டு கொட்டேஷன் மார்க் போடு, நடுவுல காலியா வுடு. சும்மா அழகுக்கு வெச்ச படம்னு நெனச்சிகினு மிஷினு கம்முனு பூடும்" என்றார் குணசேகரன்.

அழகுக்கு வைத்த படத்துக்கு அது சரிதான். கோட்டையும் புள்ளியையும் பூவையும் படித்துக் காட்டினால் கேட்கிறவருக்குக் காது புளித்துவிடும். ஆனால் 'அனுப்பு', 'அழி' என்கிற பொத்தான்களும் படங்கள்தாமே? சபீஹாவுக்கு உறுத்தியது. உறுத்தி என்ன செய்ய, ராயபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாற்பத்து மூன்றையும் ஒரே அடியில் காலியாக்கினாள். மென்பொருள் நூற்றுக்கு நூறு போட்டது. எந்தப் படம் சும்மா இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று அந்த ஜென்மத்துக்கு எப்படித் தெரியும்? குணசேகரன் மதிப்பெண்ணை அச்சடித்து, கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துச் சுவரில் மாட்டினார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு சரி. சந்தேகம் கேட்கப் பக்கத்தின் அடியில் கம்பெனி நம்பர் கொடுத்திருந்தார்கள்; நாலேகாலுக்குப் போன் அடித்தது. வியாசர்பாடியிலிருந்து பீம்ராவ், தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்.

"சார், ஃபாரம் ரொப்பினா கடைசில 'லிங்க், லிங்க்'னு ரெண்டு வாட்டி சொல்து. எது அனுப்புறது? ஒண்ணை அழுத்தினேன், ரொப்பினது அத்தினியும் அழிஞ்சி பூட்ச்சி."

"பச்சைக் கலரு பட்டனை அழுத்துங்க சார்" என்றார் குணசேகரன் பெருந்தன்மையோடு.

"எனக்குக் கண்ணு தெரியாது நைனா."

"எங்க பக்கம் நூத்துக்கு நூறு சார்! உங்க மிஷின்லதான் கோளாறு."

நூறின் பெருமை கால் மணி நேரம் ஓடியது. பொறுக்கமாட்டாமல் சபீஹா ரிசீவரைப் பிடுங்கினாள்.

"அண்ணே, ரெண்டாவது லிங்க்தான் அனுப்புறது. டைம் கம்மியா கீது, விவரம் சொல்லுங்க, நானே ரொப்பிடுறேன்."

"வேணாம்மா. 'யார் உதவியும் இல்லாம நானே ரொப்பினேன்'னு கடைசில கேக்குது. பொய் சொல்லி வேலைக்குப் போவச் சொல்றியா? பதினோரு வருசமா வேலை தேடிகினு கீறேன். நானே ரொப்புறேன்."

அவர் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. நாலு பக்கப் படிவம். இந்தப் பக்கம் சபீஹா, பொத்தான்களுக்கு அவசர அவசரமாக வார்த்தை எழுதிக்கொண்டிருந்தாள்.

"நூறுதான் வந்துட்ச்சே, அதுக்கு மேல எங்க ஏறப் போற?" என்று குணசேகரன் நிஜமாகவே கவலைப்பட்டார்.

ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடம். பீம்ராவ் மூச்சு வாங்க ரிசீவரை எடுத்தார்.

"அழுத்திட்டேம்மா! இந்தவாட்டி எதுவும் அழியல. மிஷினும் ஒண்ணியும் சொல்லல. பூட்ச்சில்ல?"

சபீஹா தன் திரையில் அதே பக்கத்தைத் திறந்தாள். பக்கம் முழுக்கச் சிவப்பில் ஒரே ஒரு படம்: 'விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது.' அவள் காலியாக்கிய நாற்பத்து மூன்றில் இதுவும் ஒன்று.

"சொல்லும்மா, பூட்ச்சில்ல?" அவர் குரலில் சிரிப்பு இருந்தது.

"போவல அண்ணே. டைம் முடிஞ்சிட்ச்சின்னு படத்துல எழுதிக் கீது. அது உங்களுக்குக் கேக்காம பண்ணது நான்தான்."