ஒத்துழைக்கவில்லை

தம்பியின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. காலரை இரண்டு முறை தேய்த்தாயிற்று. மூன்றாவது முறையும் தேய்த்தாள். ஹாலுக்குப் போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஹாலிலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு சொல்லுவான். இதுக்கு மட்டும் ஒரு சாக்கும் சொல்லாம போயிட்டானே!"

அழுகைக்கு நடுவிலும் யாரோ சிரித்தார்கள்.

சாக்குமூட்டை என்று பெயர் வைத்ததே அவள்தான். மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவான். பந்தை எடுத்து வரச் சொன்னால் மூச்சு வாங்குது என்பான். முப்பத்தெட்டு வயது வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான். நேற்று மதியம் ஆபீஸ் படியில் சரிந்தான். இதயத்தில் ஒரு ரத்தக் குழாய் பிறவியிலேயே தப்பான இடத்தில் முளைத்திருந்ததாம். இன்று காலையில்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவள் அவள். எம்.ஆர்.ஐ. எடுப்பதுதான் அவள் வேலை. பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர், மூன்று வாரத்துக்கு முன் அவனை அவளிடமே அனுப்பினார். இதயத்தைப் படம் பிடிக்கும்போது பதினைந்து நொடி மூச்சை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் படம் கலங்கிவிடும். அவனால் ஏழு நொடிக்கு மேல் முடியவில்லை.

"இங்கயும் சாக்கா? ஒழுங்கா மூச்சைப் பிடிடா" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் அதட்டினாள். பக்கத்தில் இருந்த நர்ஸ்கூடச் சிரித்தாள்.

மூச்சு விட்டபடியே எடுக்கவும் வழி உண்டு. முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர் படுத்திருந்தால் அப்படித்தான் எடுத்திருப்பாள். சொந்தத் தம்பி என்பதால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுபடி எடுக்க இந்த வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தது. இன்று புதன்.

தம்பி மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அண்ணி, இவளுக்கும் ஒரு தடவை பாத்துடணும்னு டாக்டர் சொல்றாரு. நீங்களே எடுங்க. வேற யார் கையிலயும் இவள குடுக்க மாட்டேன்."

அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது.

"அன்னைக்கு படம் சரியா வரலைல்ல, அது வந்து..."

"தெரியும் அண்ணி. அவரே வந்து சொன்னாரு. 'என்னால அக்காவுக்கு அங்க தலைகுனிவா போச்சு'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் உக்காந்து பழகினாரே."

"என்னத்த பழகினான்?"

"மூச்சு பிடிக்கறதுக்கு அத்தை" என்றாள் குழந்தை. "நான்தான் எண்ணுவேன். முந்தாநாள் பதினொண்ணு வந்துச்சு. அப்புறம் அப்பாவுக்கு இருமல் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதினஞ்சு வந்துடும், அத்தைகிட்ட சொல்லிடாதேன்னாரு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். "பாப்பாவுக்கும் இப்பவே பழக்கிடுவோமா அண்ணி? இவ கெட்டிக்காரி, சீக்கிரம் பிடிச்சுக்குவா."

"வேணாம்மா." அக்கா சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மூச்சைப் பிடிக்கவே வேணாம். சும்மா மூச்சு விட்டுக்கிட்டே படுத்திருக்கலாம். கொஞ்சம் நேரம் ஆகும், ஆனா எடுத்துடலாம்."

குழந்தை அவளை நிமிர்ந்து பார்த்தது.

"அப்ப ஏன் அத்தை அப்பாகிட்ட சொல்லல?"

தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.