கிடைத்துவிட்டாள் என்ற செய்தி

பிரவீனா காணாமல் போனது மொத்தமே ஐம்பது நிமிடம். பள்ளி வேனின் பின்சீட்டில் தூங்கிவிட்டாள்; டிரைவர் கவனிக்காமல் வண்டியைக் கொண்டுபோய் ஷெட்டில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் விஷயம். அந்த ஐம்பது நிமிடத்தில் அவள் அம்மா பவளம் செய்த காரியம்தான் எட்டு மாதமாகியும் அடங்கவில்லை.

பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி முழுக்கப் பேச்சாகக் கிடந்த நேரம் அது. பள்ளியில் ஆளுக்கொரு பாதுகாப்பு அட்டை கொடுத்திருந்தார்கள். பிள்ளையின் போட்டோ, விரல்ரேகை, எங்கெங்கே மச்சம், வீட்டில் கூப்பிடும் பெயர், அம்மாவின் போன் நம்பர் எல்லாம் அதில் உண்டு. 'வீட்டில் பத்திரமாக வையுங்கள், போலீஸ் கேட்டால் மட்டும் கொடுங்கள்' என்று அடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளையைக் காணாமல் நிற்கிறவளுக்குச் சிவப்பெழுத்தா கண்ணில் படும்? அட்டையைப் படம் பிடித்து, வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். பிள்ளை வந்ததும், 'கிடைத்துவிட்டாள், எல்லாருக்கும் நன்றி' என்றும் போட்டாள். முதல் செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. இரண்டாவதைச் சீந்த நாதியில்லை. நம் ஜனங்கள் லட்சணம் அப்படி.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. கரூரிலிருந்து ஒருவர், காரைக்குடியிலிருந்து ஒருவர். "கிடைச்சிட்டா அண்ணாச்சி" என்று பவளம் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். நம்பரை மாற்றித் தொலையேன் என்று பக்கத்து வீட்டு மாதேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். பவளம் மாற்றவில்லை. அதற்குக் காரணம் லட்சுமியம்மாள்.

லட்சுமியம்மாள் கடத்தூர்க்காரர், சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். முதன்முதலில் கூப்பிட்டபோது பவளத்துக்கு நல்ல காய்ச்சல். கட்டியவன் போன இடம் தெரியாமல் மூன்று வருடம். சங்கரன்கோவிலில் இருக்கிற அண்ணன், சொல்பேச்சு கேட்காமல் கட்டிக்கொண்டவள் என்று முகத்தில் விழிப்பதில்லை. அப்படிப்பட்டவளிடம், "சாப்டியா தாயி?" என்றுதான் அந்தக் குரல் தொடங்கியது. அதைக் கேட்டு எத்தனை காலம்! பிறகுதான், "கொழந்த வந்துட்டாளா?" என்று கேட்டது.

"இன்னும் இல்லக்கா" என்று பவளத்தின் நாக்கு சொல்லிவிட்டது.

வந்துவிட்டாள் என்றால் இந்த அக்காவும் வைத்துவிடுவாள் என்கிற பயம், வேறொன்றுமில்லை. அடுத்த வாரமும் போன் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. பிரவீனா வீட்டுக்குள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருப்பாள். பவளம் துணிக்கொடிப் பக்கம் ஒதுங்கி நின்று, கிடைக்காத அந்தப் பிள்ளைக்காக அழுவாள். அழுகை மட்டும் நிஜம். பிள்ளை கிடைக்க வேண்டி வெள்ளிக்கிழமைதோறும் ஒருபொழுது இருக்கத் தொடங்கியதாக லட்சுமியம்மாள் சொன்னார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று பவளம் தள்ளிக்கொண்டே போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகளுக்கு ஷூ வாங்க ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். பிரவீனா ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்து அழ, பவளம் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். பழக்கடை சென்னம்மா உற்றுப் பார்த்தாள். "அய்யோ, வாட்ஸ்அப்ல வந்த மகு, அந்தக் கொழந்த இது! புடிங்க அவள!"

கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம். அஜித்குமார் என்ற இளைஞன் போனில் தேடி அட்டைப் படத்தை எடுத்துவிட்டான். அதிலிருந்த நம்பருக்கு அடித்தான். பவளத்தின் பைக்குள் மணியடித்தது.

"பாத்தீயளா? நாந்தான் அம்மா! நம்பர் என்னுது!"

"போன் கைல இருந்தா அம்மாவா? அதையும் புடுங்கி வச்சிருப்ப. உன்னத் தெரிஞ்சவங்க யாரையாச்சும் பேசச் சொல்லு."

பிரவீனா "எங்கம்மா, எங்கம்மா" என்று கத்தினாள். மிரட்டி வைத்திருக்கிறாள் என்றார்கள். மாதேஸ்வரி ஊருக்குப் போயிருந்தாள்; அவள் போனுக்கு சிக்னல் இல்லை. சூப்பர்வைசர் எடுக்கவில்லை. அண்ணன் முதல் மணியிலேயே துண்டித்தான். எட்டுக்கோடிப் பேர் இருக்கிற தமிழ்நாட்டில், இவள் இன்னாருக்கு அம்மா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அஜித்குமார் போனைப் பிடுங்கிப் பார்த்தான். "லட்சுமியக்கான்னு நெறைய கால் இருக்கே. இவங்களக் கேப்போம்."

"வேண்டாம் தம்பி! அவுகளுக்கு மட்டும் வேண்டாம்!" பவளம் அவன் கையைப் பிடித்தாள். அதுவே அவளுக்கு வினையாகிப் போனது.

ஸ்பீக்கரில் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். "பவளம்! கொழந்த கெடச்சிட்டாளா கண்ணு?"

பெற்றவளுக்குப் பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை, அப்படியென்றால் இவள்தான் திருடி என்று முடிவு கட்டியது கூட்டம். அதற்குப் பிறகு விழுந்த முதல் அடி யாருடையது என்று பவளத்துக்குத் தெரியாது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே புகுந்திராவிட்டால் அன்றைக்கு என்ன ஆகியிருக்குமோ. ஸ்டேஷனில் ஆதாரைப் பார்த்து, பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, மதியத்துக்கு மேல்தான் இருவரையும் விட்டார்கள்.

உதடு வீங்கிப்போய், ஸ்டேஷனுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்று பவளமே கூப்பிட்டாள். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"எப்பக் கெடச்சா?" என்று கேட்டார் லட்சுமியம்மாள்.

"அன்னைக்கேக்கா. அம்பது நிமிசத்துல."

"கொழந்தகிட்டக் குடு."

பிரவீனா வாங்கி, "அலோ" என்றாள். பேர், வகுப்பு, சாப்பிட்டாயா என்று கேட்கும் குரல் வெளியே கேட்டது. நடுநடுவே அந்தக் குரல் உடைந்தது. பிள்ளை எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"நல்லா இருக்கட்டும். நூறு வருசம் இருக்கட்டும்" என்றார் லட்சுமியம்மாள். "நீ மட்டும் இனிமே என்னக் கூப்புடாத தாயி."

போன் அணைந்தது. பவளம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரும்மா அவுக?" என்றாள் பிரவீனா.

"ஒன்னத் தேடிக்கிட்டு இருந்தவுக."