மருந்தறை வாசலில் ஒரு தட்டு

அறுபத்தொன்றாம் வருஷம் ஞானசீலன் மேனேஜராக வந்த மறுவாரமே ரத்தினசாமிக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. சாத்தூர் ரோட்டுப் பட்டாசுக் கம்பெனியில் அவர் பத்தொன்பது வருஷத்து ஃபோர்மேன். அவர் அதட்டினால் ஷெட்டில் இருமல்கூட வராது. வந்தவரோ மெட்ராஸில் தொழிலாளர் நலம் படித்த பாளையங்கோட்டைக்காரர். மனுஷன் கூலிக்கு மட்டும் வேலை பார்ப்பதில்லை, மதிப்புக்கும்தான் பார்க்கிறான் என்பார். "முத்துப்பேச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி விசாரித்து, ஒரு குட்டி நோட்டில் வேறு குறித்துக்கொள்வார். ரத்தினசாமியை மட்டும் "ஃபோர்மேன்" என்பார்.

கொடுமை என்னவென்றால், அது பலித்தது. லீவு குறைந்தது, சரக்கு கூடியது. முதலாளியே வந்து ஞானசீலன் தோளில் தட்டிக்கொடுத்தார். பக்கத்தில் நின்ற ரத்தினசாமியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு தட்டும் போனது. வெடிமருந்து சலிக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது. உரசினால் பொறி, பொறி பட்டால் அறையே இருக்காது. அதனால் தினமும் காலையில் ரத்தினசாமி வாசலில் தட்டோடு நிற்பார். பெண்கள் கொண்டை ஊசி, ஊக்கு எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

"திருடங்களைச் சோதிக்கிற மாதிரி இருக்கு. நம்புவோம், அவங்களே கழட்டி வைப்பாங்க" என்றார் ஞானசீலன்.

ஒருத்தி பாக்கியில்லாமல் கழற்றித்தான் வைத்தார்கள். அதைத்தான் ரத்தினசாமியால் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு நாள் தவறட்டும் தாயே என்று பத்திரகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டார்.

தீபாவளி சீசனில் தவறியது. முத்துப்பேச்சி லேட்டாக ஓடிவந்தாள். ரவிக்கையின் தோள் கிழிசலில் ஒரு ஊக்கு மின்னியது. வாசல் பக்கம் நின்று கூப்பிட வாய் திறந்த ரத்தினசாமி மூடிக்கொண்டார். போகட்டும். மேனேஜர் லட்சணம் இன்றைக்குத் தெரியட்டும். உள்ளே இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். அவள் உட்கார்ந்தாள், சல்லடையை எடுத்தாள், குனிந்தாள். ஊக்கு வாய் பிளந்து தொங்கியது.

"ஏ மூதி! சல்லடைய வச்சிட்டு மெள்ள வெளிய வாடி!"

அவள் சல்லடையை வைத்துவிட்டு வந்தாள். ஊக்கைக் கழற்றி அவர் கையில் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

ஓடிவந்த ஞானசீலனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு என்னோடது. நாளையிலிருந்து தட்டு இருக்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு ரத்தினசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பார்த்த உடனே கூப்பிட்டீங்களே, அண்ணாச்சி! நாலு உயிர் உங்களாலதான் பிழைச்சது."

இத்தனை மாதமாக ஏங்கிக் கிடந்த வார்த்தை. ரத்தினசாமி கையை உருவிக்கொண்டார்.

"உடனே இல்ல சார். அவ உள்ள போகும்போதே பாத்துட்டேன்."

"பின்னே ஏன்…?"

"எம்பொண்டாட்டி ஆடி மாசத்துலருந்து படுக்கையில கெடக்கா. அம்புட்டுப் பேர் வீட்டையும் விசாரிச்சீகளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

ஞானசீலனின் கை சட்டைப்பையிலிருந்த நோட்டுக்குப் போய், அங்கேயே நின்றது. அதில் ஃபோர்மேனுக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

முத்துப்பேச்சி அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"அதுக்கு என்னையவா அண்ணாச்சி உள்ள விட்டீக?"