தணல் மாதிரி கொடுத்த கரண்ட்

பேரன் தனுஷனின் மூக்கில் வைத்திருந்த மூடியிலிருந்து மருந்துப் புகை வருவது பாதியில் நின்றுபோனது. பொழுது அப்போதுதான் மசங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை ஒரு மூச்சை விட்டுவிட்டு அடுத்த மூச்சைத் தேடினான். தூங்குகிறவனை எழுப்புவது போல இருளாயி இழுப்பு மெஷினைத் தட்டினாள். மேலே பல்பும் அணைந்திருந்தது. கூரைப் பக்கமிருந்து வயர் உருகிய நாற்றம் வந்தது.

அந்த மெஷினுக்காகத்தான் கரண்டே எடுத்தார்கள். இரண்டாயிரத்து மூன்றில், அந்த றப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் முதல் கரண்ட் இருளாயியின் காம்பராவுக்குத்தான். அவள் காதுத்தோடு அதற்கே போனது. மகன் கிருஷ்ணகுமார் தோட்டத்து ஆபீசுக்கும் எஹலியகொட டவுனுக்குமாக நாயாய் அலைந்தான். கரண்ட் வந்த வாரமே பக்கத்துக் காம்பரா மூக்காயி வந்து நின்றாள். “அக்கா, ஒரே ஒரு பல்புக்கா.” இருளாயி யோசிக்கவே இல்லை. அடுப்புக்குத் தணல் கேட்டு வந்தவளை அந்த லயத்தில் யாரும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. தணலை அள்ளிக் கொடுத்தால் நம் அடுப்பு அணைந்தா போகும்? கரண்டையும் அப்படித்தான் நினைத்தாள், பாவி மனுஷி.

மூக்காயிக்கும் அதே மனசுதானே! அவள் இரண்டு பேருக்கு வயர் இழுத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் பன்னிரண்டு குடும்பத்துக்குக் கட்டிய லயம் அது. பிள்ளைகள் கல்யாணம் கட்டி, அவர்கள் பிள்ளைகளும் கட்டி, காம்பராவைச் சேலையால் மறித்து, பின்பக்கம் தகரம் இறக்கிக் குடியிருந்தார்கள். சேலைக்கு அந்தப் பக்கம் ஒரு பல்பு, இந்தப் பக்கம் ஒரு பல்பு. அப்புறம் டீவி. அப்புறம் கரண்ட் அடுப்பு. மகராசிகள் விறகு பொறுக்கப் போவதையே விட்டுவிட்டார்கள்.

போன மாதம் பல்பு மங்கியபோதே கிருஷ்ணகுமார் சொன்னான். “குடுத்த வயர கழட்டிருவோம்மா. ஒவ்வொரு வயரா கூடல, இருக்கிற அத்தனையும் குட்டி போடுது.”

“ஏன்டா, இன்னும் பாதி வெளிச்சம் இருக்கே. கொறஞ்சா பாத்துக்குவோம்.”

“பாதி இருக்குன்னா, இன்னும் ஒரு தரம் குட்டி போட்டா முடிஞ்சிச்சும்மா.”

மனுஷர் மேல் இரக்கமில்லாத பயல் என்று அன்றைக்கு அவனை வைதாள்.

இப்போது அவன் கீழ்ரோட்டுக்கு ஓடித் த்ரீவீல் பிடித்து வந்திருந்தான். சிங்கள டிரைவர் “யமு, யமு” என்று அவசரப்படுத்தினான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறும்போது மருமகள் கோகிலா திரும்பிப் பார்த்தாள்.

“ஊருக்கெல்லாம் குடுத்தீங்களே அத்த, எம்புள்ளைக்கு எங்க?”

 த்ரீவீலின் வெளிச்சம் றப்பர் மரங்களுக்குள் போய் மறையும்வரை இருளாயி நின்றுவிட்டு உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். லயத்திலேயே விறகு எரிந்தது அவள் அடுப்பில் மட்டும்தான். மெஷினுக்குக் கரண்ட் குறைந்துவிடக் கூடாதென்று அவள் கரண்ட் அடுப்பு வாங்கவே இல்லை.

வாசலில் நிழலாடியது. மூக்காயி, கையில் தேங்காய்ச் சிரட்டை.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. சாமி இருக்கு.” சிரட்டையை நீட்டினாள். “கொஞ்சம் தணல் தாங்கக்கா. சோறு பாதி வேக்காட்டுல நிக்கிது.”

அவளுக்குப் பின்னால், லயத்து வாசல் நெடுக, ஆளுக்கொரு சிரட்டையோடு நின்றார்கள்.

இருளாயி எழுந்தாள். தணல் அள்ளும் கரண்டியைத் தேடுகிறாள் என்றுதான் மூக்காயி நினைத்தாள். இருளாயி தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அடுப்பில் கவிழ்த்தாள். சுர்ரென்று சாம்பல் கிளம்பிக் காம்பரா முழுக்கப் பரவியது.

 இருட்டில், சிரட்டையோடு நீட்டிய கையை மூக்காயி இன்னும் மடக்கவில்லை.