எல்லாருக்கும் ஒரே லாகின்

தாராவியில் ஜீன்ஸ் தைத்துக்கொண்டிருந்தபோது என் வலது கை விரலில் மிஷின் ஊசி இறங்கியது. காயம் ஆறிவிட்டது, ஆனால் விரல் எதை அழுத்தினாலும் சட்டென்று எழாது. தையலை விட்டுவிட்டு, செம்பூரில் செல்லத்துரை அண்ணாச்சியின் கூரியர் ஆபீசில் பார்சல் விலாசங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். கீபோர்டில் ஒரு பட்டனைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுத்தினால் அதே எழுத்து திரும்பத் திரும்ப விழும். விண்டோஸ் இருந்தவரை கவலையில்லை. கண்ட்ரோல் பேனலில் போய், அப்படித் திரும்ப விழுவது தாமதமாகத் தொடங்கும்படி ஒரு தடவை மாற்றி வைத்தேன். அதோடு சரி.

செலவு மிச்சம் என்று அண்ணாச்சி விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாறினார். பிடித்தது சனி. பின்கோடில் ஒரு சைபர் கூடுதல், போன் நம்பரில் ஒரு ஏழு கூடுதல். தாதருக்குப் போகவேண்டிய பார்சல் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. லினக்ஸில் அந்த அமைப்பு வேறெங்கோ ஒளிந்திருந்தது. தேடிப் பிடித்து மாற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால் பழையபடி வேகம். மறுபடி மாற்றினால் மறுபடியும் அதே கதை.

சாயங்கால ஷிப்டில் புதிதாகச் சேர்ந்து அதே கம்ப்யூட்டரில் உட்காரும் மெஹக்தான் செய்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷிப்ட் மாறும்போது பிடித்துக்கொண்டேன். அவளோ என்னைவிடக் கடுப்பில் இருந்தாள். மவுஸ் பிடித்தால் அவளுக்கு மணிக்கட்டு வலிக்குமாம். அம்புக்குறி பட்டனை அழுத்திப் பிடித்தே வரிவரியாக இறங்குவாளாம். என் அமைப்பில் அழுத்திவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறதாம். அதுவும் நியாயம்தான். ஆளுக்கொரு லாகின் போட்டால் அவரவர் வேகம் அவரவருக்கு நிற்கும் என்று அவள்தான் சொன்னாள்.

இரண்டு பேரும் அண்ணாச்சியிடம் போனோம். ஒரு ஆபீசுக்கு ஒரு லாகின் போதும் என்றார். தப்பு எல்லாம் காலை ஷிப்டில்தான் வருகிறது, அதனால் இந்த மாதத்தோடு நீ நின்றுகொள் என்றார். போய்க் கம்ப்யூட்டர் முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

புது லாகின் போடுவது எவ்வளவு சின்ன வேலை என்று அவருக்குக் காட்ட மெஹக் கம்ப்யூட்டரை லாக் அவுட் செய்தாள். அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைச் செய்ததே இல்லை. திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ஆபீஸ். இன்னொன்று ஜெயகணேஷ், அண்ணாச்சியின் மகன். மூன்றாங்கிளாஸ் படிக்கிறான்.

“இது எதுக்கு அண்ணாச்சி?” என்றேன்.

“ஞாயித்துக்கெழம பய கேம் வெளையாட வருவான். ஆபீஸ் வேலையில கைய வச்சிரக் கூடாதுல்லா, அதான் தனியா போட்டுக் குடுத்தேன்.”

“வெளையாடுத பிள்ளைக்குப் போட ஒங்களுக்கு நேரம் இருந்துச்சு. எனக்குப் போடச் சொன்னா வேலைய விட்டுப் போன்னு சொல்லுதீய.”

அவர் மெஹக்கைப் பார்த்தார். அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் குனிந்து நின்றபடியே அடித்தார். புது லாகினுக்குப் பெயர் கேட்டது. ‘காலை ஷிப்ட்’ என்று ஆரம்பித்தார்.

“அத அழிங்க,” என்றேன். “இசக்கிசெல்வின்னு என் பேரப் போடுங்க.”