இரண்டு வரிசை சிரிக்கவில்லை

"மாத்திரை சாப்புடற பையன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" சரஸ்வதியின் குரல் தெருமுனை வரை கேட்டது.

"மாத்திரை சாப்புடாதவங்க யாரு இருக்காங்க? எனக்குந்தான் பிரஷருக்கு இருக்குது," என்றாள் கொளஞ்சியம்மாள்.

"பிரஷர் வந்தா தண்ணியில எறங்கி நடப்பாங்களா? நேத்து தியேட்டர்ல பாத்தேனே, என் ரெண்டு கண்ணால."

"அது சினிமா. நடிப்பு."

"நடிப்புன்னா உங்க ஊரு ஆளுங்க ஏன் சிரிக்கல? மொத்த தியேட்டரும் சிரிக்குது, நம்ம ரெண்டு வரிசை மட்டும் எழவு வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்திருந்துது. வேன்லயே ஒருத்தியக் கெளறிக் கேட்டுட்டேன். நான் கேணச்சியா?"

கேணச்சி இல்லை. அதுதான் பிரச்சினை. இரும்பை கிராமத்திலிருந்து விடிந்ததும் விடியாததுமாக ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். மகள் ரேணுகாவும் கூட வந்து வாசலில் தலைகுனிந்து நின்றாள். ரேணுகாவுக்கும் கொளஞ்சியம்மாளின் மூத்த மகன் தெய்வசிகாமணிக்கும் வரும் புதன்கிழமை நிச்சயம். நான் எதிர்வீடு. துணி உலர்த்த வெளியே வந்தவள், ஒரு புடவையையே உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தெய்வாவுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி யுவராணி பிரசவத்தில் குழந்தையோடு போய்விட்டாள். அது எல்லோருக்கும் தெரியும், ரேணுகா வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. சொல்லாமல் விட்டது அதற்கப்புறம் நடந்ததை.

எங்கள் உப்பளத்தில் மழை விட்டுத் தை பிறந்ததும் பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் உப்பில் மண் ஒட்டாது. புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து மிதிப்பது வழக்கம், பெண் இடப்பக்கம். யுவராணி செத்த ஐப்பசியில், அளமெல்லாம் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, தெய்வா தனியாக இறங்கி மிதிக்க ஆரம்பித்தான். வலது காலை இரண்டு தரம், இடது காலை ஒரு தரம். நாலு அடிக்கொருமுறை இடப்பக்கம் திரும்பி, "பாத்து வா, வழுக்குது" என்பான். இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. தம்பி ஜெயசீலன் வேலைக்குப் போகாமல் வரப்பில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டான். அப்புறம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி, மாத்திரை, குணம். அந்த இரண்டு வருஷமும் தெய்வாவுக்கு நினைவில்லை. "கொஞ்சம் சோந்து போயிருந்தே" என்று அவனிடம் சொல்லி வைத்தோம். தெருவே வாயைக் கட்டிக்கொண்டது. எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய சாதனை என்று.

இந்த நேரத்தில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். படத்தின் கதையில் அளத்து முதலாளி செத்துப்போகிறார். கொள்ளி வைப்பவனுக்குத்தான் அளம் என்று மகன்கள் பிணத்தை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். சிரிப்புப் படம். அதில் ஒரு ஊர்ப் பைத்தியம். அதற்கு வந்த நடிகர் உப்புத்தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டு அன்றே கார் ஏறிவிட்டார். எடுபிடி வேலைக்கு நின்ற ஜெயசீலனை டைரக்டர் இறங்கச் சொன்னார்.

படம் வந்ததும் பேப்பரில், போனில், எங்கே பார்த்தாலும் ஜெயசீலன்தான். இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்றார்கள். கொளஞ்சியம்மாள் வேன் வைத்துத் தெய்வாவையும் சம்பந்தி வீட்டையும் தெருவையும் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனாள். "இந்தப் படம் வேணாம்மா, அடுத்த படத்துக்குப் போங்க" என்று ஜெயசீலன் மெட்ராசிலிருந்து சொல்லியிருக்கிறான். பிள்ளை அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துவிட்டாள்.

திரையில் மகன்கள் அடித்துக்கொள்கிறார்கள். பின்னால் தண்ணீரில் ஒருவன் மிதித்துக்கொண்டே வருகிறான். வலது இரண்டு, இடது ஒன்று. இடப்பக்கம் திரும்பிச் சிரித்து, "பாத்து வா, வழுக்குது" என்கிறான். உடனே மூத்த மகன் பிணத்தோடு வழுக்கி விழுகிறான். தியேட்டர் அதிர்ந்தது. எனக்கு வாயில் பாப்கார்ன் அப்படியே நின்றுவிட்டது.

சண்டைக்கு நடுவே ஜெயசீலன் பையோடு வந்து இறங்கினான். அந்த நேரத்திலும் இரண்டு பேர் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் எடுக்கவில்லை, முன்பே எடுத்துவிட்டேன்.

கொளஞ்சியம்மாள் மகன்மேல் பாய்ந்தாள். "கூடப் பொறந்தவனக் காட்டித்தான் நீ பேர் வாங்கணுமாடா?"

"எனக்கு நடிக்கத் தெரியாதும்மா. பைத்தியம்னா எப்படி இருப்பான்னு கேட்டாங்க. ரெண்டு வருசம் வரப்புல உக்காந்து பாத்தது அது ஒண்ணுதான்." அவன் குரல் இறங்கியது. "நான் அழுதுகிட்டேதான் செஞ்சேன். கேமராகிட்ட நின்னவங்க சிரிச்சாங்க. சரி, இதுதான் வேணும் போலன்னு விட்டுட்டேன்."

அப்போது தெய்வா வெளியே வந்தான். குளித்து, சட்டை போட்டு, தலை சீவியிருந்தான். தெரு மொத்தமும் அவன் காலைப் பார்த்தது.

"ஜெயா, நான் அப்படியேவா செஞ்சேன்?"

"ஆமாண்ணா."

"சிரிச்சேனா? நீ சிரிக்கிறியே படத்துல, அந்த மாதிரி?"

"நீ சிரிச்சேண்ணா. அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்."

"அப்ப அவ கூடத்தான் இருந்திருக்கா." தம்பி தோளில் கை வைத்தான். "யாருமே சொல்லலையேடா எனக்கு."

சரஸ்வதி ஆட்டோக்காரனைக் கூப்பிட்டாள். ரேணுகா நகரவில்லை. முப்பது தாண்டிய பெண், குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுசில் வேலை, கறாரான ஆள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "நான் வர்லம்மா," என்றாள். "பொண்டாட்டி செத்ததுக்குப் புத்தி பெரண்டு போன ஒரு ஆம்பளையக் காட்டு, பாக்கலாம். எனக்கு இவரு போதும்."

தெரு மூச்சு விட்டது. புதன்கிழமைக்கு எந்தப் புடவை கட்டுவது என்றுகூட நான் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தெய்வா அவள் எதிரில் வந்து நின்றான். "நீ நல்ல பொண்ணு, ரேணுகா. நேத்து வரைக்கும் இடம் காலியா இருக்குதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். அதான் சரின்னு சொன்னேன்." இடது கையை உடம்பிலிருந்து லேசாக விலக்கிக் காட்டினான். "இந்தப் பக்கம் ஆள் இருக்குது."

"பாத்தியாடி?" என்று சரஸ்வதி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் பைத்தியமாக இருந்த இரண்டு வருஷமும் பார்த்தவள் நான். அன்றைக்கு அவன் பைத்தியம் இல்லை. ரேணுகாவுக்கும் அது புரிந்திருக்கும். அழாமல் போய் ஆட்டோவில் ஏறினாள். முகத்தைப் பார்க்க நான்கூடக் கொஞ்சம் கிட்டப் போனேன். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை சித்தார்த்தன், குயிலாப்பாளையத்திலேயே பேக்கரி வைத்திருப்பவன். சண்டை சச்சரவு இல்லை என்கிறார்கள். பேச்சே அவ்வளவாக இல்லை என்றும் சொல்கிறார்கள். ஜெயசீலன் சாலிகிராமத்தில் வாடகைக்கு இருக்கிறான். எல்லாப் படத்திலும் பைத்தியம்தான் தருகிறார்களாம். மேக்கப் போடும் வினோதினி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அண்ணன்தான் போய்த் தாலி எடுத்துக் கொடுத்தான், அம்மா போகவில்லை. தெய்வா வேதாரண்யம் அளத்துக்கு வேலைக்குப் போய்விட்டான், தனியாகத்தான். அந்தப் படம் டிவியில் வந்தபோது கொளஞ்சியம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் பார்த்தாள். போன மாதம் அவளும் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மூத்தவனிடமே போய்விட்டாள். இப்போது அந்த வீட்டில் கடப்பாக்கத்து வாத்தியார் குடும்பம். அவர்களைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.