ஒரு கை குறைந்தது

"மன்னிப்பு என்பது, மனிதன் தோண்டியெடுத்த பொன்னிலெல்லாம் மிக ஆழத்தில் கிடப்பது. அதை மேலே கொண்டுவரப் பெரிய மனது வேண்டும்." பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்று தம்மபாலன் இதைச் சொல்லிப் பார்த்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

பாலகாட் லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை. காற்றுக்காக மேலே இடைவெளி விட்டுக் கட்டியது அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கக் கம்பெனி. அதன் வழியாகக் காற்றைத் தவிர எல்லாம் வரும்: கருவாட்டு வாசனை, சீரியல் அழுகை, புருஷன் பெண்டாட்டி சண்டை. ஒரு பாதியில் தம்மபாலன், மறு பாதியில் தம்பி சேரன். இருவரும் ஒரு வருஷமாகப் பேசுவதில்லை. பேசுவதில்லையே தவிர, ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழாத நாளும் இல்லை.

எல்லாம் லைன் நலச் சங்கத் தேர்தலால் வந்தது. தம்மபாலன் சுரங்கத்தில் டைம் ஆபீசில் வருகை குறிப்பவராக இருந்தவர். சுரங்கம் மூடியபிறகும் ஊரார் எங்கே எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று கவனித்துக்கொள்ளும் பொறுப்பு தம்மிடமே இருப்பதாக நம்பினார். ஞாயிறுதோறும் விகாரையில் பஞ்சசீலம் சொல்லிக்கொடுப்பவர். எதிர்த்து நின்ற ஆர்தருக்கு இருந்த ஒரே தகுதி, கேட்டவர்களுக்கெல்லாம் ஏணி இரவல் கொடுப்பது. கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். தேர்தலை நடத்திய டென்சில் இரண்டு தடவை எண்ணினார். தம்மபாலனுக்கு ஒரு கை குறைந்தது.

அன்று சாயங்காலம் சேரன் ஆர்தர் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். வேறு சாட்சி தேவைப்படவில்லை. "என் கையப் புடிச்சிகினு ஸ்கூலுக்கு வந்த கைடா அது! அத அவனுக்குத் தூக்கினியா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். சுவர் பதில் சொல்லவில்லை. முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்த 'தலைவர் தம்மபாலன்' பலகையைத் தூக்கி அந்த இடைவெளியில் செருகினார், எழுத்து தம்பி வீட்டுப் பக்கம் தெரியும்படி. இடைவெளியில் பாதிகூட அடைபடவில்லை.

இப்போது சேரன் மகள் மாயாவுக்குக் கல்யாணம். மணமக்களுக்குப் பஞ்சசீலம் சொல்ல பேத்தமங்களாவிலிருந்து ஒருத்தர் வருகிறார் என்ற செய்தியைச் சுவர் கொண்டுவந்தது. தம்மபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. மாயா முதன்முதலாகப் புத்தம் சரணம் சொன்னது அவர் மடியில். 'சரணம்' வராமல் 'சன்னம்' என்பாள். எவனோ ஒருத்தன் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதா? அந்த இரவுதான் தம்பியை மன்னித்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றார்.

"வாண்ணா," என்றான் சேரன், நேற்றும் வந்துபோனவரைக் கூப்பிடுவதுபோல. மாயா நாற்காலி போட்டாள். தம்மபாலன் உட்காரவில்லை. தொண்டையைச் சரிசெய்தார்.

"மன்னிப்பு என்பது, மனிதன் தோண்டியெடுத்த பொன்னிலெல்லாம்..."

"'மிக ஆழத்தில்'னு சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் நிறுத்துங்க பெரிப்பா," என்றாள் மாயா. "காலைல நல்லா நிறுத்தினீங்க."

"சிரிக்காத. உங்கப்பன் பண்ண துரோகத்த மன்னிக்க வந்துகிறேன்."

சேரன் தலை குனிந்திருந்தான். "நான் உனுக்குத்தாண்ணா தூக்கினேன்."

"அப்போ யாரு?"

சேரன் மேலே பலகையைப் பார்த்தான். அந்தப் பக்கம் கடுகு பொரியும் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றது சுவர். தம்மபாலனின் மனைவி சின்னம்மாவின் குரல். "ஆர்தருக்கு நான்தான் தூக்கினேன். நீங்க தலைவரானா தெனம் நம்ம வூட்ல மீட்டிங்கு. அத்தினி பேருக்கும் டீ யாரு போடறது, டென்சிலா?"

தம்மபாலன் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கை தூக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தம்பியைத் திட்டத் திட்ட, "ஆமாங்க, அவன் அப்படித்தான்" என்று சொல்லி ரசம் ஊற்றினாளே, அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பலகை கோணலாகக் கிடப்பதைப் பார்த்து எலி என்று நினைத்து விஷம் வைத்தாரே, அந்த இடைவெளி வழியாகக் கறிக்கிண்ணம் போய்வந்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் உறைத்தது. இந்தச் சண்டையில் அவரைத் தவிர வேறு யாருமே இருந்ததில்லை.

"உனுக்குத் தெரியுமாடா?"

"பின்னால நின்னுகினு இருந்தேன். பாத்தேன்."

"ஏண்டா சொல்லல?"

"எங்கூட பேசலன்னா உனுக்கு இன்னா ஆவும்? அண்ணியோட பேசலன்னா சோறு யாருண்ணா போடுவா?"

ஒருத்தரை மன்னிக்க வேண்டியிருந்தது. ஒருத்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அவர் தயார் செய்துகொண்டு வந்ததோ ஒரே ஒரு உரை. அது இரண்டுக்கும் உதவாது. "சேரா..." என்றார். தம்பியின் முழங்கையைப் பிடித்தார். பிடித்த இடத்தில் எலும்பாக இருந்தது. இவன் எப்போது இவ்வளவு இளைத்தான்? வருஷம் முழுக்க இருமலைக் கேட்டிருந்தார், ஆளைப் பார்க்கவில்லை.

"பேத்தமங்களாக்காரன் எப்ப வர்றான்?" என்றார் கடைசியில்.

"அப்பிடி யாரும் இல்லண்ணா. உனுக்குக் கேக்கட்டும்னுதான் சத்தமா சொன்னோம்."

மாயா வாயைப் பொத்திக்கொண்டாள். தம்மபாலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார்மேலாவது பாரத்தை இறக்கிவைக்க வேண்டும்போல, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு கை. ஒரே ஒரு கைல போச்சி. கட்டனவளே..."

"என் கையவே எண்ணாதீங்க," என்றது சுவர். "உங்க கை எங்க இருந்திச்சாம்?"

சேரன் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கடுகு மறுபடி பொரிய ஆரம்பித்தது.

தேர்தலன்று டென்சில் கைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது தம்மபாலன் போட்டோவுக்காக இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார்.